ஊட்டியில் அரை கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு ஆன்டெனா ஏன் சாய்ந்து நிற்கிறது?

ஊட்டிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் படகு இல்லம், தொட்டபெட்டா, தாவரவியல் பூங்கா என்று சுற்றிவிட்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். ஊரிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி முத்தோரை பாலாடா என்று ஓர் இடம் இருக்கிறது. கேரட்டும் உருளைக்கிழங்கும் விளைகிற சரிவுகளுக்கு நடுவே அங்கே 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலத்தில் ஓர் இரும்புக் கட்டுமானம் மலைச்சரிவோடு சரிவாகப் படுத்திருக்கிறது. வடக்கு முனை தெற்கு முனையைவிடச் சுமார் 100 மீட்டர் உயரத்தில் இருக்கும். புதிதாகப் பார்க்கிறவருக்கு அது என்னவென்றே பிடிபடாது. அது ஒரு ரேடியோ தொலைநோக்கி. 1970 பிப்ரவரியில் வானத்தைக் கேட்கத் தொடங்கியது, இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறது.

இதை வடிவமைத்தவர் கோவிந்த் ஸ்வரூப். உத்தரப் பிரதேசத்தில் டாகுர்துவாரா என்ற சிறிய ஊரில் 1929-ல் பிறந்தவர், 2020 செப்டம்பரில் புனேயில் காலமானார். இந்திய ரேடியோ வானியலின் தந்தை என்று சொல்வார்கள், அது சரிதான். ஆனால் என்னைக் கேட்டால் அவரை முதலில் ஆன்டெனாக்காரர் என்றுதான் சொல்வேன். விண்மீன்களைப் பற்றிய கேள்விகள் பலருக்கு வரும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிற கருவியை, இந்த அலைநீளத்துக்கு, இந்த இடத்தில், கையில் இருக்கிற இந்தப் பணத்தில் எப்படிக் கட்டுவது என்று வாழ்நாள் முழுக்கக் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தவர்கள் மிகக் குறைவு. அவருடைய ஒவ்வொரு ஆன்டெனாவும் இந்தக் கணக்கிலிருந்து பிறந்ததுதான், அதனால்தான் ஒன்று மற்றொன்றைப் போல இல்லை.

முதலில் ஆன்டெனா பற்றிக் கொஞ்சம். வானத்திலிருந்து வரும் ரேடியோ அலைகள் நம்ப முடியாத அளவுக்குப் பலவீனமானவை. அதனால் நிறைய அலையைச் சேர்த்துப் பிடிக்க வேண்டும், அதற்குப் பெரிய பரப்பு வேண்டும். அடுத்தது கூர்மை. ஒரு தொலைநோக்கி எவ்வளவு நுணுக்கமாகப் பிரித்துப் பார்க்கும் என்பது அலைநீளத்தை அதன் விட்டத்தால் வகுத்தால் கிடைக்கும் எண்ணைப் பொறுத்தது. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ரேடியோவில் அது சென்டிமீட்டர், மீட்டர் கணக்கு. அதனால்தான் ஊட்டியில் அரை கிலோமீட்டருக்கு மேல் நீளமாகக் கட்டியும் முழுநிலவின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் அதனால் தனியாகப் பிரித்துப் பார்க்க முடியும். கேட்க ஏமாற்றமாகத்தான் இருக்கும். இந்த ஏமாற்றத்தை ஸ்வரூப் எப்படிச் சமாளித்தார் என்பது பின்னால் வருகிறது.

நீளமான அலைக்கு ஒரு வசதியும் உண்டு. எதிரொலிக்கும் பரப்பு பளபளவென்று முழுத் தகடாக இருக்க வேண்டியதில்லை. அலைநீளத்தைவிட மிகச் சிறிய ஓட்டைகள் இருந்தால் அலைக்கு அந்த ஓட்டை தெரியாது, அது முழுச் சுவர் என்றே நினைத்துத் திரும்பிவிடும். பரப்பில் மேடு பள்ளம் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் இருந்தாலும் பரவாயில்லை. சென்டிமீட்டர் அலைகளுக்கு ஆன்டெனா கட்டுவது செலவு பிடித்த, நுணுக்கமான வேலை. மீட்டர் அலைகளுக்கு என்றால் கம்பி போதும். ஸ்வரூப்பின் அடுத்த ஐம்பது வருட வேலை இந்த ஒரு வரியில் இருக்கிறது.

அவர் அலகாபாத் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்து முடித்தது 1950-ல். சேர்ந்த இடம் டெல்லியில் இருந்த தேசிய இயற்பியல் ஆய்வகம். அங்கே இயக்குநர் கே.எஸ். கிருஷ்ணன், நம்ம வத்திராயிருப்புக்காரர், ராமனோடு சேர்ந்து ராமன் விளைவைக் கண்டவர். போரில் பயன்பட்டு மிச்சமாகக் கிடந்த ரேடார் பாகங்களை வைத்து 3 சென்டிமீட்டர் அலைநீளத்தில் ஒரு ஆய்வுக் கருவியைக் கட்டுவதுதான் புதிதாகச் சேர்ந்த ஸ்வரூப்புக்குக் கிடைத்த வேலை. பழைய சாமானிலிருந்து புதிய கருவி எடுக்கும் பழக்கம் அங்கேயே தொடங்கிவிட்டது. 1952-ல் சிட்னியில் நடந்த ஒரு சர்வதேச ரேடியோ அறிவியல் மாநாட்டுக்குப் போன கிருஷ்ணன், போருக்குப் பிறகு ஆஸ்திரேலியர்கள் ரேடார் அறிவை வானத்தின் பக்கம் திருப்பி என்னென்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்று பார்த்து வியந்து திரும்பினார். அடுத்த ஆண்டே கொழும்புத் திட்ட உதவித்தொகையில் ஸ்வரூப்பை அங்கே அனுப்பிவைத்தார். கொடைக்கானல் வானாய்வகத்திலிருந்து ஆர். பார்த்தசாரதியும் கூடப் போனார்.

சிட்னியில் பாட்ஸ் ஹில் என்ற நீர்த்தேக்கக் கரையில் கிறிஸ்டியன்சன் என்ற பொறியாளர் 6 அடி விட்டமுள்ள 32 சின்ன டிஷ்களை வரிசையாக நிறுத்திச் சூரியனைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு பெரிய டிஷ்ஷுக்குப் பதிலாகப் பல சின்ன டிஷ்களை இடைவெளி விட்டு வைத்து, அவற்றின் சிக்னல்களைச் சேர்த்தால், அந்த வரிசையின் முழு நீளத்துக்கும் ஓர் ஆன்டெனா இருந்தால் கிடைக்கும் கூர்மை கிடைக்கும். இன்று உலகின் பெரிய ரேடியோ தொலைநோக்கிகளில் பெரும்பாலானவை இந்த முறையில்தான் வேலை செய்கின்றன. அங்கே பிள்ளையார் சுழி போட்டுக்கொண்டிருந்தவர்கள் பக்கத்திலேயே ஸ்வரூப் இருந்தார். 21 சென்டிமீட்டருக்காக அமைத்த அந்த வரிசையை அவரும் பார்த்தசாரதியும் 60 சென்டிமீட்டருக்கு மாற்றி அமைத்தார்கள்.

அப்புறம்தான் முக்கியமான விஷயம் நடந்தது. அந்த 32 டிஷ்களும் வேலை முடிந்து கழிக்கப்படப் போகின்றன என்று தெரிந்ததும், அதை இந்தியாவுக்குக் கொடுத்துவிடுங்களேன் என்று சிட்னி ஆய்வகத்தின் ரேடியோ வானியல் பிரிவுத் தலைவரான ஜோ பாசியிடம் ஸ்வரூப் கேட்டார். பாசி சரி என்றார், கிருஷ்ணனும் சரி என்றார். கொடுக்க மனம் இருந்தது, வாங்கவும் மனம் இருந்தது, கப்பலில் அனுப்பும் செலவை யார் ஏற்பது என்பதில் காலம் ஓடியது. அன்று நாட்டில் அந்நியச் செலாவணிக்கு அவ்வளவு தட்டுப்பாடு. காத்திருந்து பார்த்த ஸ்வரூப் 1956-ல் அமெரிக்கா போய்விட்டார். அவர் போன பிறகுதான் டிஷ்கள் டெல்லி வந்து சேர்ந்தன, வந்து சும்மா கிடந்தன.

அமெரிக்காவில் முதலில் டெக்சாஸில் இருந்த ஹார்வர்டு நிலையத்தில் சூரியனின் ரேடியோ வெடிப்புகளை ஆராய்ந்தார். பிறகு ஸ்டான்ஃபோர்டில் பிரேஸ்வெல்லிடம் முனைவர் பட்டம். அங்கே அவர் செய்த ஒரு வேலையைப் பற்றி வெளியே அதிகம் பேசுவதில்லை. எனக்கு அது அவருடைய வேலைகளிலேயே மிகவும் பிடித்தவற்றில் ஒன்று, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பல டிஷ்களின் சிக்னலைச் சேர்க்கும்போது எல்லாம் ஒரே நேரத்தில், ஒரே கட்டத்தில் வந்து சேர வேண்டும். ஒரு டிஷ்ஷிலிருந்து வரும் அலை மேலே ஏறும்போது இன்னொன்றிலிருந்து வருவது கீழே இறங்கினால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும். டிஷ் எல்லாம் அளவெடுத்து நட்டிருந்தாலும் அங்கிருந்து அறைக்கு வரும் கேபிளின் மின் நீளம் ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் மாறும், வெயில் ஏறினால் இன்னும் மாறும். சில சென்டிமீட்டர் அலைநீளத்தில் வேலை செய்யும்போது சில மில்லிமீட்டர் பிசகே போதும், படம் கெட்டுப்போகும். ஸ்வரூப்பும் யாங் என்ற சக ஆய்வாளரும் என்ன செய்தார்கள் என்றால், அறையிலிருந்தே ஒரு சிக்னலைக் கேபிள் வழியாக டிஷ்ஷுக்கு அனுப்பினார்கள். டிஷ் முனையில் ஒரு டயோடு அந்தச் சிக்னலின் ஒரு பகுதியை, தனியாக அடையாளம் தெரியும்படி ஒரு துடிப்பைச் சேர்த்துத் திருப்பி அனுப்பும். வழியில் இருக்கும் இணைப்புகளில் பட்டுத் திரும்பும் மற்ற எதிரொலிகளுக்கு அந்தத் துடிப்பு இருக்காது. ஆகவே துடிப்போடு திரும்பி வந்ததை மட்டும் பிரித்தெடுத்தால் போய் வந்த தூரம் எவ்வளவு என்று அறையில் உட்கார்ந்தபடியே தெரிந்துவிடும். எந்தக் கேபிளையும் கழற்ற வேண்டாம், ஒவ்வொரு டிஷ்ஷாக ஏறி இறங்கவும் வேண்டாம். 1961-ல் வெளியான இந்த முறையின் கொள்கை பின்னாளில் உலகின் பல பெரிய ஆன்டெனா வரிசைகளில் இடம்பிடித்தது.

1961-ல் ஸ்டான்ஃபோர்டிலேயே உதவிப் பேராசிரியர் ஆகிவிட்டார். நல்ல வேலை, நல்ல இடம். அந்த ஆண்டு பெர்க்லியில் நடந்த சர்வதேச வானியல் மாநாட்டில் வெளிநாட்டில் இருந்த நான்கு இந்திய ரேடியோ வானியலாளர்கள் கூடிப் பேசினார்கள்: ஸ்வரூப், டி.கே. மேனன், முகுல் குண்டு, டி. கிருஷ்ணன். இந்தியாவில் ஒரு குழு தொடங்க வாய்ப்புக் கொடுத்தால் திரும்பி வருகிறோம் என்று ஊரில் இருந்த சில நிறுவனங்களுக்கு எழுதினார்கள். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஹோமி பாபாவிடமிருந்து 1962 ஜனவரியில் தந்தி வந்தது: ரேடியோ வானியல் குழு ஒன்று அமைக்க முடிவு செய்துவிட்டோம், பணி நியமனம் பற்றிய கடிதம் பின்னால் வருகிறது என்று. ஸ்வரூப் 1963-ல் வந்து சேர்ந்தார். மற்றவர்களில் சிலர் வரவில்லை, வந்தவர்கள் சில ஆண்டுகளில் திரும்பிப் போனார்கள். அவர் நிலைத்துவிட்டார்.

வந்தவர் முதலில் தேடியது டெல்லியில் கிடந்த அந்தப் பழைய 32 டிஷ்களை. பம்பாய்க்குப் பக்கத்தில் கல்யாண் என்ற ஊரில் அவற்றை நிறுத்தி, 1965-ல் சூரியனைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். புதிதாகக் கல்லூரி முடித்து வந்த இளைஞர்களுக்கு அதுதான் பயிற்சிக்கூடம். சிட்னியில் கழித்துக் கட்டியதில் இந்தியாவின் முதல் ரேடியோ ஆன்டெனா வரிசை எழுந்தது.

ஆனால் ஸ்வரூப்பின் மனம் அதற்குள் வேறு ஒன்றில் இருந்தது. 1962-ல் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் ஹசார்டும் அவருடைய குழுவினரும் 3சி 273 என்ற ரேடியோ மூலத்தை, அதாவது வானத்தில் ரேடியோ அலை கிளம்பும் ஓர் இடத்தை, நிலவு மறைக்கும் நேரத்தில் கவனித்தார்கள். அது எங்கே இருக்கிறது என்று அதிலிருந்து துல்லியமாகத் தெரிந்தது, அந்த இடத்தில் இருந்த நட்சத்திரம் போன்ற புள்ளியை ஒளித் தொலைநோக்கியில் பார்த்து, அது மிகமிகத் தொலைவில் இருக்கும் குவாசர், அதாவது ஒரு விண்மீன் மண்டலத்தின் மிகப் பிரகாசமான மையம், என்று மறு ஆண்டு மார்ட்டன் ஷ்மிட் கண்டறிந்தார். இந்த முறையின் அழகு என்னவென்றால், உங்கள் ஆன்டெனா கூர்மையாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. நிலவின் விளிம்பு ஒரு ரேடியோ மூலத்தை மறைக்கும்போது சிக்னல் விழும். எந்த நொடியில் விழுந்தது என்பதை வைத்து மூலம் எங்கே இருக்கிறது என்று சொல்லலாம், எப்படி விழுந்தது என்பதை வைத்து அது எவ்வளவு பெரியது என்று சொல்லலாம். கூர்மையை நிலவு இலவசமாகக் கொடுக்கிறது. உங்களுக்கு வேண்டியதெல்லாம் மங்கலான மூலங்களும் கேட்கும்படி பெரிய பரப்பு, அப்புறம் நிலவை மணிக்கணக்கில் விடாமல் பின்தொடரும் வசதி.

இங்கேதான் அவர் வடிவியலுக்கு வந்தார். பூமி ஓர் அச்சில் சுழல்கிறது, அதனால் வானத்தில் எல்லாமே கிழக்கிலிருந்து மேற்காக மணிக்கு 15 டிகிரி நகர்கிறது. தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக இருந்துவிட்டால் ஒரே ஓர் அச்சில், ஒரே வேகத்தில் திருப்பினால் போதும், மூலம் நழுவாது. சின்னத் தொலைநோக்கிகளில் இதற்கென்று தாங்கியைச் சாய்த்து வைப்பார்கள். அரை கிலோமீட்டர் நீள உருளையை எப்படிச் சாய்ப்பது? எவ்வளவு சாய்க்க வேண்டும் என்பது இடத்தின் அட்சரேகையைப் பொறுத்தது. டெல்லியில் 28 டிகிரி சாய்க்க வேண்டும், அந்த நீளத்துக்கு அது நடக்காத காரியம். தெற்கே வர வரச் சாய்வு குறையும். 11 டிகிரி அட்சரேகையில், தெற்கு வடக்காகச் சுமார் 11 டிகிரி சாய்ந்திருக்கும் ஒரு மலைச்சரிவு கிடைத்துவிட்டால்? மலையே தாங்கியாகிவிடும். தென்னிந்திய மலைகளில் தேடித்தான் முத்தோரையைக் கண்டுபிடித்தார்கள். கோடி கோடியாகச் செலவழித்து இரும்பில் செய்ய வேண்டியதை நீலகிரி ஏற்கெனவே செய்து வைத்திருந்தது.

அந்தச் சரிவில் 23 மீட்டருக்கு ஒன்றாக 24 பரவளையச் சட்டங்கள். சட்டத்துக்குச் சட்டம் எதிரொலிக்கும் தகடு எதுவும் கிடையாது. 1,100 மெல்லிய துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 530 மீட்டருக்கு இழுத்துக் கட்டப்பட்டிருக்கின்றன, அவ்வளவுதான். கம்பிக்கும் கம்பிக்கும் இடைவெளி சுமார் 3 சென்டிமீட்டர். தொலைநோக்கி கேட்பது 326.5 மெகாஹெர்ட்ஸ், அதாவது 92 சென்டிமீட்டர் அலை, 3 சென்டிமீட்டர் இடைவெளியில் அது நுழையாது. குறுக்குக் கம்பிகள்கூட வேண்டியதில்லை, ஏனென்றால் எதிரொலித்த அலை வந்து குவியும் கோட்டில் அதைப் பிடிப்பதற்காக வைத்திருக்கும் 1,056 டைபோல்களும், அதாவது சின்ன நேர் ஆன்டெனாக்களும், கம்பிகள் ஓடும் அதே திசையில்தான் படுத்திருக்கின்றன, அந்தத் திசையில் அதிரும் அலையை மட்டும்தான் அவை கேட்கும். காற்று கம்பிகளுக்கு இடையே புகுந்து போய்விடும். எடையும் குறைவு, செலவும் குறைவு.

சரி, கிழக்கு மேற்காகத் திருப்பியாயிற்று. நிலவு வடக்கு தெற்காகவும் அலையுமே, நடுக்கோட்டிலிருந்து இரண்டு பக்கமும் 28 டிகிரி வரை போகுமே? 530 மீட்டர் கட்டுமானத்தை அந்தப் பக்கம் அசைக்க முடியாது. அதனால் அந்தத் திசையில் எதையும் அசைக்காமல், டைபோல்களிலிருந்து வரும் சிக்னல்களைச் சேர்க்கும்போது ஒன்றுக்கொன்று கட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிப் பார்வையை மின்னணு முறையில் வடக்கு தெற்காகத் திருப்புகிறார்கள். ஒரு பக்கம் இயந்திரம், ஒரு பக்கம் மின்னணு. இப்படி ஒரு மூலத்தை நாளொன்றுக்கு ஒன்பதரை மணி நேரம் வரை விடாமல் பின்தொடர முடிகிறது.

1966 ஜனவரியில் பாபா விமான விபத்தில் இறந்தபோது வேலை தொடங்கிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. இந்த மாதிரித் திட்டங்கள் ஆதரித்தவர் போனதும் படுத்துவிடுவதுதான் வழக்கம். அவருக்குப் பின் பொறுப்பேற்ற எம்.ஜி.கே. மேனன் தாங்கிப் பிடித்தார். பெரும்பாலும் இருபதுகளில் இருந்த பையன்கள் கட்டிய அந்தத் தொலைநோக்கி 1970 பிப்ரவரி 18 அன்று முதல் மறைப்பைப் பதிவு செய்தது. அடுத்த சில ஆண்டுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மங்கலான ரேடியோ மூலங்களின் அளவும் அமைப்பும் கிடைத்தன.

அதில் வந்த விடை பெரியது. பேரண்டம் ஒரு வெடிப்பில் தொடங்கி மாறிக்கொண்டே வருகிறதா, இல்லை ஃபிரெட் ஹாய்ல் போன்றவர்கள் சொன்னபடி எப்போதும் ஒரே மாதிரிதான் இருந்திருக்கிறதா என்பது அன்று சூடான விவாதம். எப்போதும் ஒரே மாதிரி என்றால் தொலைவில் இருக்கும், அதாவது பழைய காலத்து, ரேடியோ மூலங்கள் பக்கத்தில் இருப்பவை போலவே இருக்க வேண்டும். ஊட்டியில் அளந்த மங்கலான மூலங்களையும் முன்பே அளந்திருந்த பிரகாசமான மூலங்களையும் சேர்த்து வைத்து ஸ்வரூப்பும் அவருடைய மாணவர் விஜய் கபாஹியும் 1975-ல் காட்டியது, அப்படி இல்லை என்பதைத்தான். அளவுகள் மாறும் விதத்தைப் பேரண்டம் காலத்தோடு மாறுகிறது என்று வைத்துக்கொண்டால்தான் விளக்க முடிந்தது. பெருவெடிப்புக்கு ஏற்கெனவே அந்த வெடிப்பின் மிச்ச வெப்பமாக வானமெங்கும் பரவியிருக்கும் நுண்ணலைப் பின்னணி போன்ற வலுவான சான்று இருந்தது, இது தனி வழியில் வந்த இன்னொரு சான்று. நிலவையும் கம்பியையும் மலைச்சரிவையும் வைத்துக்கொண்டு நீலகிரியிலிருந்து இப்படி ஒரு விவாதத்தில் சாட்சி சொல்ல முடிந்தது என்பது எனக்கு இன்றும் மயிர்க்கூச்செறியும் விஷயம்.

அடுத்து அவர் நினைத்தது நடக்கவில்லை. நிலநடுக்கோட்டின் மேலேயே 2 கிலோமீட்டர் நீளம், 50 மீட்டர் அகலத்தில் ஓர் உருளைத் தொலைநோக்கி, வளரும் நாடுகள் சேர்ந்து கட்டலாம் என்று திட்டம் போட்டார். அங்கே என்றால் சாய்வே வேண்டாம், தரை சமமாக இருந்தாலே அச்சு இணையாகிவிடும். கென்யாவில் பேச்சு, பிறகு இந்தோனேசியாவில் பேச்சு, கடைசியில் கைகூடவில்லை. இதைத் தோல்வி என்று சிலர் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். அது கைவிட்டுப் போனதால்தான் அவர் உருளையை விட்டு வெளியே வந்து யோசித்தார் என்பது என் எண்ணம்.

உருளையின் குறை அவருக்கு நன்றாகத் தெரியும். குவியம் ஒரு கோடாக இருப்பதால் அந்தக் கோடு முழுக்க ஆயிரக்கணக்கில் டைபோல் வைக்க வேண்டும், வேறு அலைவரிசை வேண்டுமென்றால் அத்தனையையும் மாற்ற வேண்டும். ஊட்டி ஒரே அலைவரிசையில், ஒரே திசை அதிர்வில் நிற்பது அதனால்தான். வட்ட டிஷ்ஷில் குவியம் ஒரு புள்ளி, அங்கே உள்ள ஏற்பியை மட்டும் மாற்றினால் போதும். ஆனால் டிஷ் விலை கையைக் கடிக்கும். விட்டம் கூடக் கூட எடையும் செலவும் அதைவிட வேகமாக ஏறும், அதில் பெரும்பகுதி காற்றைத் தாங்குவதற்காகவே போகும்.

இதற்கு அவர் கண்ட வழிதான் ஜிஎம்ஆர்டி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் மாபெரும் மீட்டர் அலைத் தொலைநோக்கியின் டிஷ். நடுவிலிருந்து 16 வளைந்த குழாய்ச் சட்டங்கள் விரியும். சட்டங்களுக்கு இடையே கனமான இரும்பு எதுவும் இல்லை, எஃகுக் கம்பிக் கயிறுகளை இழுத்துக் கட்டி அதன்மேல் கம்பி வலையை முடிந்துவிடுகிறார்கள். கயிற்றுக் கட்டில் எப்படி நாலு சட்டத்திலும் கயிற்றின் இழுவிசையிலும் ஆளைத் தாங்குகிறதோ, அதே தத்துவம். வலையின் கம்பி அரை மில்லிமீட்டர் சொச்சம். கண்ணியின் அளவு நடுவில் 10 மில்லிமீட்டர், அடுத்த வளையத்தில் 15, ஓரத்தில் 20. நடுப்பகுதி குறைந்த அலைநீளத்துக்கும் பயன்படும், ஓரம் அவ்வளவு கூர்மையாக இருக்க வேண்டாம், காற்று அதிகம் பிடிப்பதும் ஓரம்தான், ஆகவே அங்கே கண்ணி பெரிது. எங்கே எவ்வளவு வேண்டுமோ அங்கே அவ்வளவுதான் வைப்பேன் என்ற மனம் அந்த மூன்று எண்களில் தெரிகிறது. இப்படி 45 மீட்டர் விட்டத்தில் 30 டிஷ்கள். அமெரிக்காவின் புகழ்பெற்ற விஎல்ஏ வரிசையில் இருப்பது 25 மீட்டர் டிஷ்கள் 27. அவை சென்டிமீட்டர் அலைகளுக்கானவை, நுணுக்கமான திடப் பரப்பு வேண்டும். அவர்களோடு அதே பந்தயத்தில் ஓடாமல், மீட்டர் அலைகளில் உலகிலேயே பெரியதைக் கட்டுவோம், அதைத்தான் நம்மால் சிக்கனமாகக் கட்ட முடியும் என்று அவர் எடுத்த முடிவு மிகச் சரியானது.

இடத்தைத் தேர்ந்தெடுத்ததிலும் அதே கணக்கு. இந்த முறை ஊட்டி சரிவராது. பூமியின் காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் முனையை ஒட்டிப் போகிறது, அதன் அருகே அயனி மண்டலம், அதாவது வளிமண்டலத்தின் மேலே மின்னூட்டம் பெற்ற அடுக்கு, அமைதியாக இருக்காது, மீட்டர் அலைகளைக் கலைத்துவிடும். புனேக்கு வடக்கே சுமார் 80 கிலோமீட்டரில், நாராயண்காவ் பக்கம் கோடட் என்ற ஊர். நகரத்தின் ரேடியோ இரைச்சலை மலைகள் தடுக்கும், அயனி மண்டலமும் ஒப்பீட்டளவில் அமைதி. 14 டிஷ்கள் ஒரு சதுர கிலோமீட்டருக்குள் நெருக்கமாக, மீதி 16 ஒய் வடிவத்தில் மூன்று பக்கம் விரிந்து, கடைக்கோடி டிஷ்களுக்கு இடையே 25 கிலோமீட்டர் வரை. திராட்சைத் தோட்டங்களும் வெங்காய வயல்களும் தாண்டிக் கண்ணாடி இழைக் கேபிள் வழியாகச் சிக்னல்கள் நடுவுக்கு வந்து சேர்கின்றன. 2001 அக்டோபரில் ரத்தன் டாடா இதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். அடுத்த ஆண்டு உலக விஞ்ஞானிகள் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள், யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம், ஆய்வுத் திட்டம் நன்றாக இருந்தால் நேரம் கிடைக்கும்.

கட்டும்போது மனதில் இருந்த முதல் நோக்கம், பேரண்டத்தின் இளமைக் காலத்து ஹைட்ரஜன் மேகங்களைப் பிடிப்பது. 21 சென்டிமீட்டரில் கிளம்பிய ஹைட்ரஜனின் அலை, பேரண்டம் விரிவதால் நீண்டு நீண்டு மீட்டர் அலையாக வந்து சேரும். நினைத்த அந்தப் பெரிய மேகங்கள் கிடைக்கவில்லை. ஆனால் அதே வழியில் வேறு கிடைத்தது: சுமார் 880 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு விண்மீன் மண்டலத்திலிருந்து கிளம்பிய ஹைட்ரஜன் சிக்னலை ஜிஎம்ஆர்டி பிடித்தது 2023 ஜனவரியில் செய்தியானது. நடுவில் இருந்த இன்னொரு மண்டலத்தின் ஈர்ப்பு அதைப் பெரிதாக்கிக் காட்டியிருந்தது. அதே ஆண்டு ஜூனில், சீராகத் துடிக்கும் விண்மீன்களான பல்சார்களின் துடிப்பை ஆண்டுக்கணக்கில் அளந்து மிக நீண்ட ஈர்ப்பு அலைகளின் தடயத்தை உலகக் குழுக்கள் அறிவித்தபோது, ஐரோப்பியக் குழுவோடு சேர்ந்து வெளிவந்த முடிவில் ஜிஎம்ஆர்டியின் அளவீடுகளும் இருந்தன.

விண்கல ஆன்டெனா பக்கமும் ஒரு சம்பவம் உண்டு. 2016 அக்டோபர் 19 அன்று ஐரோப்பாவின் ஷியாபரெல்லி கலம் செவ்வாயில் இறங்கிக்கொண்டிருந்தது. அதில் இருந்தது பக்கத்தில் சுற்றும் விண்கலங்களோடு மட்டும் பேசுவதற்கான சின்ன டிரான்ஸ்மிட்டர், 400 மெகாஹெர்ட்ஸ் அளவில். 17 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் பூமியில் யாரும் கேட்பதற்காக அது வைக்கப்படவில்லை. கோடட்டில் இருந்த கம்பி வலை டிஷ்கள் சேர்ந்து அதைக் கேட்டன. கலம் செவ்வாயின் காற்றில் நுழைந்து வேகம் குறைவதையும், தரையைத் தொடுவதற்குச் சற்று முன் சிக்னல் நின்றுபோனதையும் அங்கே திரையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கலம் மோதி உடைந்துவிட்டது என்று பிறகுதான் உறுதியானது.

இந்த வேலையில் வர விரும்பும் மாணவர்கள் சிலர் மின்னணுவியல் படித்தால் போதும் என்று நினைக்கிறார்கள். ஸ்வரூப் செய்ததைப் பாருங்கள்: மின்காந்தக் கணக்கு, கட்டுமானப் பொறியியல், காற்றின் விசை, உலோகத்தின் விலை, மண்ணின் சரிவு, கேபிளின் சூடு, அரசாங்கத்துக்கு எழுதும் கடிதம், எல்லாம் ஒரே தலையில். நம் கல்லூரிகளில் இதை ஐந்து துறைகளாகப் பிரித்து, ஒருவர் இன்னொருவர் ஆய்வகத்துக்குள் எட்டிப் பார்க்காதபடி வைத்திருக்கிறோம். அவருக்கும் இது உறுத்தியிருக்க வேண்டும். இயற்பியலாளர் வி.ஜி. பிடேயோடு சேர்ந்து, இளநிலையிலேயே ஆராய்ச்சியோடு கலந்து ஐந்து ஆண்டு அறிவியல் படிப்பு வேண்டும் என்று 1980-களின் இறுதியிலிருந்து வலியுறுத்திக்கொண்டே இருந்தார். பின்னாளில் புனேயிலும் கொல்கத்தாவிலும் தொடங்கி மற்ற ஊர்களிலும் வந்த ஐசர் எனப்படும் இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களின் யோசனைக்கு அதுவும் ஒரு வேர்.

இப்போதைய கவலை வேறு. ஊட்டி கேட்கும் 322 முதல் 328.6 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டை ரேடியோ வானியலுக்கென்று சர்வதேச அளவில் ஒதுக்கப்பட்டது. ஆனால் மேம்படுத்தப்பட்ட ஜிஎம்ஆர்டி 120 முதல் 1,450 மெகாஹெர்ட்ஸ் வரை ஏறக்குறைய இடைவெளியில்லாமல் கேட்கிறது. அதில் பெரும்பகுதிக்கு எந்தப் பாதுகாப்பும் கிடையாது. செல்போன் கோபுரங்கள், மின்கம்பிகளின் பொறி, தலைக்கு மேல் நாளுக்கு நாள் பெருகும் செயற்கைக்கோள்கள், எல்லாம் அதற்குள்தான் இரைகின்றன. மலை மறைப்பு தரையில் இருப்பதைத்தான் தடுக்கும், வானத்திலிருந்து வருவதை எந்த மலையும் தடுக்காது. இரைச்சலை அடையாளம் கண்டு உடனுக்குடன் வெட்டியெறியும் கருவிகளும் மென்பொருளும்தான் இன்று அங்கே பலருடைய முழுநேர வேலை. ஸ்வரூப் காலத்தில் ஆன்டெனா விஞ்ஞானி எடையோடும் காற்றோடும் மல்லுக்கட்டினார் என்றால், அவருக்குப் பின் வருகிறவர்கள் இதோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. நேரில் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு தகவல்: பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாளையொட்டி கோடட்டில் பொதுமக்களை உள்ளே விடுவார்கள். போகும்போது செல்போனை அணைத்துவிட்டுப் போங்கள்.